மூச்சு கேட்கிறது

அத்தியாயம் 14

ஃபிரிட்ஜ் கதவில் மகள் ஒட்டிவிட்டுப் போன தாளோடு போன வாரம் நாம் பிரிந்தோம். அதில் இரண்டே வரி. 'ஞாயிறு காலை பத்து மணி. ஐம்பத்து நான்கு படி, நிற்காமல், பேசிக்கொண்டே. முடிந்தால் இந்த வீடு, முடியாவிட்டால் என் வீடு.' கீழே கையெழுத்தும் தேதியும் வேறு. ஊரில் உள்ள லிஃப்டுகளை எல்லாம் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற வேலை அவளுக்கு. அப்பா அம்மாவையும் அதே கண்ணோடுதான் பார்ப்பாள். இத்தனைக்கும் அவள் பிறந்து வளர்ந்த இந்த மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

அந்த ஞாயிறு வந்துவிட்டது.

டீச்சர் ஐந்தரைக்கே எழுந்துவிட்டாள். முப்பத்தொரு வருடம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தெருவுக்கு அவள் 'பி.டி. டீச்சர்'தான். கட்டிய புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவரைத் தெரு 'ஏழே முக்கால் சார்' என்று கூப்பிடும். வானொலியில் காலை ஏழே முக்கால் செய்தியை முப்பத்து நான்கு வருடம் வாசித்தவர். வெயிலோ வெள்ளமோ, ஆட்சி வந்தாலும் போனாலும், அவர் குரல் ஒரே உயரத்தில் நிற்கும். சொந்தக் கருத்து என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்தது. குழம்பில் உப்பு சரியா என்று டீச்சர் கேட்டால், "உப்பு தொடர்பாக மாறுபட்ட தகவல்கள் வந்துகொண்டிருக்கின்றன" என்பார்.

ஓய்வு பெற்றதுதான் தாமதம், மடை திறந்துவிட்டது. மேயர் கட்டிய நீரூற்று, ஒருவழிப்பாதை, பள்ளிக்கூட நேரம், வரி, வானிலை அறிக்கை எல்லாவற்றிலும் அவருக்குக் கருத்து இருந்தது. முப்பத்து நான்கு வருடத்துக்கும் சேர்த்து வட்டியோடு பேசினார். அந்த வேகத்திலேயே நாலு மாதத்துக்கு முன்னால் சலூன் நாற்காலியில், நீரூற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பாதி முடிவெட்டோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க பிசியோ ஒருத்தி வந்தாள்.

"சார், நீங்க சாப்பிடுற மாத்திரைக்கு நாடி சட்டுனு ஏறாது. அதனால நாடியை எண்ணிப் பிரயோஜனம் இல்லை. படி ஏறும்போது பேசிப் பாருங்க. பேச்சு ஒழுங்கா வந்தா ஏறலாம். மூச்சு வாங்கினா உடனே நிக்கணும். அவ்வளவுதான் கணக்கு."

யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, பாவம்.

அன்றிலிருந்து அவர் தினமும் கீழே போய்த் தபால் பெட்டியிலிருந்து செய்தித்தாளை எடுப்பார். தலைப்புச் செய்திகளை உரக்க வாசித்துக்கொண்டே மேலே வருவார். முதல் மாடித் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக் கேட்பாள். முதலில் ஒரு மாடி, பிறகு இரண்டு, போன மாதம் மூன்றும். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் பழைய ஏழே முக்கால் அப்படியே திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

டீச்சருக்கு அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து இல்லை.

அவர் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்தவுடன் நிமிராமல், மற்ற காலின் லேஸையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். டீச்சர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"யாருக்கு?"

"எனக்கா வாங்கும்?"

"உனக்குக் காது மந்தமாயிடுச்சு டீச்சர். இல்லாத சத்தமெல்லாம் கேக்குது."

அவள் சமையலறைக்குள் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் மைதானம் முழுசாகத் தெரிந்தது. சுண்ணாம்புக் கோடுகள் நேற்றுதான் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். நானூறு மீட்டர் வளைவு கொஞ்சம் கோணல். தினமும் காலையில் காபியோடு இங்கே நின்று, இப்போதிருக்கிற பி.டி. மாஸ்டரை மனசுக்குள் திட்டுவதில் அவளுக்கு ஒரு சுகம். மகள் வீட்டில் அவர்களுக்காக ஒழித்து வைத்திருக்கும் அறையிலும் ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் கார் தெரியும்.

இந்த வீட்டுக்கு அவர்கள் வந்தது கல்யாணமான மூன்றாம் மாதம். அப்போது அவர் வானொலியில் தற்காலிக வாசிப்பாளர். ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். நிலையப் பொறுப்பாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம், 'தம்பி, செய்திக்கு முன்னாடி உங்க மூச்சு வந்து நிக்குது. மைக்கில் மூச்சு கேக்குது. இப்படியே போனா நிரந்தரம் ஆக்க முடியாது.'

டீச்சர் சிரித்துவிட்டாள். "இவ்வளவுதானா? எழுந்திருங்க."

மறுநாள் விடியற்காலையில் பயிற்சி தொடங்கியது. அவர் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு படியேறி வாசிப்பார். அவள் நாலு படி முன்னால், அவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஏறுவாள். மூச்சுச் சத்தம் கேட்டால் விசில். இரண்டாம் நாளே கட்டடமே திரண்டு வந்து சண்டை போட்டதால் விசில் போய்ச் சொடக்கு வந்தது. ஓட்டக்காரர்கள் வயிற்றால் மூச்சு இழுப்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். நீளமான வாக்கியத்தின் நடுவில், வாயைத் திறக்காமல், மூக்கால் ஒரு மடக்குக் காற்றைத் திருடிக்கொள்வதையும் சொல்லிக் கொடுத்தாள். ரொம்பத் தவித்துப்போனால் "செய்திகள் தொடர்கின்றன" என்று ஒரு வரி போட்டு, அது முடிகிற இடத்தில் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் அவரே கண்டுபிடித்தது. அதைக் கண்டுபிடித்த அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறினார். அப்படி ஒரு காலம்.

நிரந்தரமான பிறகு அவர் வாசித்த முதல் ஏழே முக்காலை அவள் மைதானத்தில் நின்று, சின்ன டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் கேட்டாள். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பத்து நிமிடம். ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் தாரையாகக் கொட்டியது. யாரோ பெரிய தலைவர் போய்விட்டார் போல என்று நினைத்துப் பிள்ளைகள் தாங்களாகவே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த வித்தையைத்தான் இப்போது அவர் அவளிடமே காட்டிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை முப்பத்தாறாம் படியில் 'செய்திகள் தொடர்கின்றன' வந்தது. தையல்காரம்மா கைதட்டிச் சிரித்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை அது முப்பதாம் படிக்கு இறங்கியது. நேற்று இருபத்திரண்டு. ஓட்டப் பயிற்சியில் ஒரு பிள்ளை தினம் தினம் கொஞ்சம் முன்னாலேயே தளர்ந்தால், அந்தப் பிள்ளையை மைதானத்துக்கு வெளியே உட்கார வைத்து வீட்டுக்கு ஆள் அனுப்புகிறவள் அவள். புருஷன் விஷயத்தில் ஐந்து நாளாக வாயே திறக்கவில்லை. திறந்தால் இந்த ஜன்னல் போய்விடும். தன்னை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மகள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை. படிக்கட்டின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டியாடி?" என்றாள் டீச்சர்.

"கை தானா போகுதும்மா. அப்பா, ரெடியா?"

"ரெடி. தேர்வாளருக்கு எதிரா ஏதாவது புகார் இருந்தா யார்கிட்ட கொடுக்கணும்?"

"முதல்ல ஏறுங்க. அப்புறம் புகார்."

"உன் மேல ஒரு கருத்து இருக்கு. சொல்லட்டுமா?"

"உங்களுக்கு எது மேலதான் கருத்து இல்லை?"

மகள் சிரித்தாள். அம்மாவிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினாள். "பாவமாத்தான் இருக்கும்மா. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நல்லா ஏறிட்டார்னா நான் இந்தப் பேச்சையே இனிமே எடுக்கமாட்டேன். சத்தியமா."

"எதை வெச்சு முடிவு பண்ணுவே?"

"பிசியோ சொன்னதுதான். குரல் தெளிவா வந்தா போதும்."

"நீ லிஃப்ட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கறப்ப சத்தத்தை மட்டும் கேட்டுட்டா கொடுப்பே?"

"சேச்சே. சத்தம் நல்லா இருக்கும், உள்ளே கம்பி நைஞ்சிருக்கும். கழற்றிப் பார்க்காம கையெழுத்துப் போடவே மாட்டேன்." சொல்லிவிட்டு அவள் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏன் கேக்கறே?"

"சும்மாதான்" என்றாள் டீச்சர்.

மூவரும் கீழே இறங்கினார்கள். அவர் தபால் பெட்டியிலிருந்து செய்தித்தாளை எடுத்து உதறினார், தொண்டையைச் செருமினார், முதுகை நிமிர்த்தினார். மகள் அவருக்குப் பக்கத்தில். டீச்சர் நாலு படி முன்னால், அவரைப் பார்த்தபடி பின்பக்கமாக. அறுபத்து நாலு வயதிலும் அவளுக்கு அந்த ஏற்றம் மறக்கவில்லை.

"நேரம் காலை பத்து மணி. செய்திகள்."

முதல் பதினெட்டுப் படியும் பட்டு மாதிரி போயின. நகரசபைக் கூட்டத்தில் அமளி. பாலம் கட்டுமானப் பணி தாமதம். தையல்காரம்மா வாசலில் நின்று, "நூத்துக்கு நூறு சார்!" என்றாள். அவர் படித்துக்கொண்டே ஒற்றைக் கையைத் தூக்கிக் கும்பிடு போட்டார். மகளின் முகத்தில் நம்பிக்கை வந்துவிட்டது.

இருபதாம் படி.

"கரையோரப் பகுதிகளில் அடுத்த இரண்டு நாட்களுக்கு மிதமான மழை பெய்யக்கூடும். செய்திகள் தொடர்கின்றன."

மகள் சிரித்தாள். "அப்பா, இதெல்லாம் ரொம்ப ஓவர்."

டீச்சர் அவர் வாயைப் பார்க்கவில்லை. சட்டைக் காலரைப் பார்த்தாள். வேர்த்து நனைந்திருந்தது. கன்னம் வெளிறியிருந்தது. குரலில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

"போதுங்க. நில்லுங்க."

அவர் கையால் விலகச் சொன்னார். "வேளாண் விளைபொருள் கண்காட்சியை அமைச்சர் இன்று தொடங்கி வைக்கிறார்."

"அம்மா, நல்லாத்தானே பேசறார்! ஏன் இடையில பேசறே?" என்றாள் மகள்.

"செய்திகள் தொடர்கின்றன" என்றார் அவர். இருபத்தாறாம் படி.

இனி இருபத்தெட்டுப் படிதான். இந்த மனுஷன் ஏறிவிடுவார் என்று டீச்சருக்குத் தெரிந்தது. வாசித்துக்கொண்டே ஏறிவிடுவார். மகள் சத்தியத்தைக் காப்பாற்றுவாள். நாளைக்கும் ஏறுவார், நாளன்னைக்கும் ஏறுவார். ஒருநாள் இந்தப் படியிலேயே, ஒரு பிசிறும் இல்லாத குரலில், பாதி வாக்கியத்தில் விழுவார். அப்போது அந்த ஜன்னலில் நின்று அவள் எந்த மைதானத்தைப் பார்ப்பாள்?

செய்தியாக இருக்கும்வரை அவரிடமிருந்து மூச்சுச் சத்தத்தைப் பிடுங்க முடியாது. கருத்தாக இருந்தால் முடியும். கருத்துச் சொல்லும்போது மூச்சு விட அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எந்தக் கருத்து என்றும் அவளுக்குத் தெரியும். பத்து நாளைக்கு முன்னால் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. வானொலியின் காலைச் செய்தியை இனி மனிதர் வாசிக்கப் போவதில்லை, கணினிக் குரல்தான் வாசிக்கும் என்று. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பிய்த்து உதறுகிற மனுஷன் அந்தப் பக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் திருப்பிவிட்டார். அன்றைக்குச் சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. அதைத் தொடக் கூடாது என்று அவளும் தொடாமல் இருந்தாள்.

"என்னங்க" என்றாள். "அந்தக் கம்ப்யூட்டர் குரல் ஏழே முக்கால் வாசிக்கப் போகுதாமே. அதைப் பத்தி உங்க கருத்து என்ன?"

அவர் நின்றுவிட்டார். செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது.

"அம்மா!" என்றாள் மகள்.

"சொல்லுங்க. உங்க கருத்தைக் கேக்கறேன்."

"கருத்தா?" என்றார். "அதுக்கு... அதுக்கு என்ன தெரியும்? வெள்ளம் வந்தப்போ ரெண்டு நாள் நான் அந்த ரூமை விட்டு வெளியில வரலை... செத்தவங்க பேரை நான்தான் வாசிச்சேன்... ஒவ்வொரு பேருக்கு நடுவுலயும்... எவ்வளவு நேரம் விடணும்னு... யார் சொல்லிக் கொடுத்தா எனக்கு? கேக்கறவங்க... வீட்டுல... அடுத்த பேர் நம்ம... நம்ம..."

வரவில்லை. வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது, கிழிகிற துணி மாதிரி. முப்பத்து நான்கு வருடம் எந்த மைக்குக்கும் கொடுக்காத சத்தம். படிக்கட்டு முழுக்க அது கேட்டது. கீழே மறுபடி ஓடத் தொடங்கியிருந்த தையல் மிஷின் நின்றது.

கைப்பிடியைப் பிடித்தபடி அவர் படியில் உட்கார்ந்தார். டீச்சர் இரண்டே எட்டில் இறங்கி, இடுப்புப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தாள். மகள் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருந்தாள்.

"உடனே கூட்டிட்டு வரச் சொல்றாங்க. நடக்கவே கூடாதாம்."

"ரெண்டு தெருதானே. உன் காரை வாசலுக்குக் கொண்டு வா."

மகள் அப்பாவுக்கு முன்னால் மண்டியிட்டாள். "எத்தனை நாளாப்பா இப்படி?"

அவர் மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு நாளா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"மூணு வாரமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். டீச்சர் ஒளிக்கவில்லை. "எனக்கு செவ்வாய்க்கிழமையிலிருந்து தெரியும்டி."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"இந்த வீட்டை விட்டுப் போக மனசு வரலை. அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான். தப்புத்தான். என்ன வேணா சொல்லு."

மகள் வாயில் கையை வைத்துக்கொண்டு ஒரு நொடி சுவரைப் பார்த்து நின்றாள், பிறகு காரை எடுக்க ஓடினாள்.

தையல்காரம்மா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், பின்னாலேயே அவள் புருஷனும். ஏழே முக்கால் சாரை அதில் உட்கார வைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகப் பிடித்து, இருபத்தாறு படியும் இறக்கினார்கள். டீச்சர் பக்கவாட்டில் அவர் தோளைப் பிடித்தபடி இறங்கினாள். வீட்டுக் கதவைப் பூட்டவில்லை என்பது காரில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. தையல்காரம்மா கையைக் காட்டினாள், நான் பார்த்துக்கொள்கிறேன் போங்கள் என்று.

பின் இருக்கையில் அவர் தலை டீச்சரின் தோளில் சாய்ந்திருந்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. மூச்சு இன்னும் சத்தமாகத்தான் வந்தது, ஆனால் ஒழுங்காக வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. அவளும் எண்ணிக்கொண்டே வந்தாள்.

"வேணும்னுதான் கேட்டே" என்றார் மெதுவாக.

"ஆமா."

"அதைப் போய்க் கேட்டியே."

"வேற எதைக் கேட்டாலும் நீங்க வாசிச்சிருப்பீங்க."

கார் முதல் தெருவைத் தாண்டியது.

"உன்னை நல்லாத் திட்டணும் போல இருக்கு டீச்சர். இப்ப மூச்சு இல்லை."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "வீட்டுக்கு வந்து திட்டுங்க. ஆசை தீரத் திட்டுங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"எந்த வீட்டுக்கு?" என்றார் அவர்.

டீச்சர் முன்கண்ணாடியில் மகளின் கண்ணைத் தேடினாள். மகள் வண்டியை ஆஸ்பத்திரி வாசலுக்குள் திருப்பினாள்.